தொற்றுநோய்ச் சிறப்புப் பயிற்சிக்குப் பிறகு எந்தப் பணியை ஏற்பது?

கேள்வி: பொது மருத்துவத்தில் மேற்படிப்பை முடித்து, தொற்றுநோய் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சியின் இறுதியாண்டில் இருக்கிறேன். எனக்கு மூன்று வாய்ப்புகள் உள்ளன. நான்கு மருத்துவமனைகளுக்கு ஆலோசனை வழங்கும் தனியார் மருத்துவர் குழு ஒன்று என்னைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது. நான் பயிலும் பல்கலைக்கழக மருத்துவமனை, ஆன்டிபயாடிக் ஸ்டூவர்ட்ஷிப் (ஆன்டிபயாடிக்குகள் தேவையான அளவில் மட்டும் சரியாகப் பயன்படுவதைக் கவனிக்கும் பணி) பொறுப்புடன் உதவிப் பேராசிரியர் பதவி தருவதாகச் சொல்கிறது. ஆனால் சம்பளம் குறைவு. ஒரு மருந்து நிறுவனத்திலிருந்தும் அழைப்பு வந்திருக்கிறது. கல்விக் கடன் இன்னும் பாக்கி இருக்கிறது. உடன் படித்து இதயவியலுக்கும் குடல்நோய் மருத்துவத்துக்கும் சென்றவர்கள் என்னைவிட மிக அதிகமாகச் சம்பாதிக்கப் போகிறார்கள் என்ற எண்ணமும் உறுத்துகிறது. ஆய்வகத்தில் அமர்ந்து ஆராய்ச்சி செய்ய எனக்கு விருப்பமில்லை. ஸ்டூவர்ட்ஷிப் பணி பிடித்திருக்கிறது. இப்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்ற வழிகள் அடைபட்டுவிடுமா? உறுப்பு மாற்று நோயாளிகளுக்கு வரும் தொற்றுகளில் மேலும் ஓராண்டு பயிற்சி பெறுவது பயன் தருமா?

பதில்: அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு, உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும், உங்களை உண்மையில் கலங்க வைப்பது “மற்ற வழிகள் அடைபட்டுவிடுமா” என்பதுதான் என்று நினைக்கிறேன். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் எந்த நாட்டில் பணிபுரிகிறீர்கள் என்று எழுதவில்லை. அதனால் பொதுவாகவே சொல்கிறேன். விதிகள் எழுத்தில் தெளிவாக உள்ள இடங்களில் அமெரிக்காவையும் பிரிட்டனையும் எடுத்துக்காட்டாகத் தருகிறேன்.

நம் துறையின் எதிர்காலத்தைக் கணித்தவர்கள் பெரும்பாலும் தோற்றிருக்கிறார்கள். ராபர்ட் பீட்டர்ஸ்டார்ஃப் அமெரிக்க மருத்துவக் கல்வியில் பெரிய பெயர். தொற்றுநோய் மருத்துவத்திலேயே ஊறியவர். அவர் 1978ஆம் ஆண்டில், அப்போது பயிற்சியில் இருந்த 309 தொற்றுநோய் நிபுணர்களுக்கும் வேலை எங்கே இருக்கிறது, ஒருவர் மற்றவரின் உடலிலிருந்து மாதிரி எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்த்தால்தான் உண்டு என்ற பொருளில் எழுதினார். மூன்றே ஆண்டுகள் கழித்து, 1981 ஜூன் 5 அன்று, லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு அரிய வகை நிமோனியா வந்ததைப் பற்றிய சிறு குறிப்பு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார இதழில் வெளியானது. எய்ட்ஸ் பற்றிய முதல் அதிகாரப்பூர்வ அறிக்கை அதுதான். “தேவையில்லை” என்று எண்ணப்பட்ட அந்தத் தலைமுறையினர்தாம் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு எச்ஐவி மருத்துவத்தைத் தாங்கினார்கள். பிறகு 2003இல் சார்ஸ், 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா, 2020இல் கோவிட் என்று ஒவ்வொன்றும் இத்துறையினரின் வேலையை மாற்றி எழுதியது. பணியில் சேரும் நாளில் இருக்கும் வேலைப் பட்டியலும் ஓய்வு பெறும் நாளில் இருக்கும் பட்டியலும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு இத்துறையில் எந்த ஆதாரமும் இல்லை.

எனவே பெரும்பாலான வழிகள் திறந்தே இருக்கும். தனியார் குழுவிலிருந்து பல்கலைக்கழகத்துக்கும், அங்கிருந்து பொதுச் சுகாதாரத் துறைக்கும், அதிலிருந்து மருந்து நிறுவனத்துக்கும் செல்பவர்கள் ஏராளம். இரண்டு வழிகள் மட்டும் காலம் போகப் போகக் குறுகும். ஒன்று, நிதி பெற்று நடத்தும் ஆராய்ச்சி. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம், மருத்துவப் பயிற்சி முடிந்த பத்து ஆண்டுகளுக்குள் இருப்பவர்களையே தொடக்கநிலை ஆய்வாளர்களாகக் கருதிச் சலுகை தருகிறது. பிற நாடுகளின் நிதியமைப்புகளிலும் இதைப் போன்ற கால வரம்புகள் உண்டு. ஆராய்ச்சியிலிருந்து நோயாளி பார்க்கும் வேலைக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம். எட்டு ஆண்டுகள் முழுநேரமாக நோயாளிகளைப் பார்த்த பிறகு ஆராய்ச்சிக்குப் போவது மிகக் கடினம். அதே போல, மருந்து நிறுவனத்திலோ அலுவலகப் பணியிலோ சில ஆண்டுகள் நோயாளிகளையே பார்க்காமல் இருந்தால் கைப்பழக்கம் போய்விடும். அந்தப் பக்கம் சென்றாலும் வாரத்தில் ஒரு அரைநாள் வெளிநோயாளர் பிரிவை விடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். இவ்விரண்டைத் தவிர, அடைபடும் வழி என்று வேறெதையும் நான் கண்டதில்லை.

அடுத்து பணம். இதைப் பேசக் கூசுகிற வழக்கம் நம் துறையில் அதிகம். அந்தக் கூச்சத்தால் நட்டப்படுவது இளையவர்கள்தாம். உங்கள் நண்பர்கள் அதிகம் சம்பாதிப்பதற்குக் காரணம் திறமை வேறுபாடன்று. கட்டண முறை அப்படி அமைந்திருக்கிறது. குழாய் செலுத்துவது, ஸ்டென்ட் வைப்பது, எண்டோஸ்கோபி செய்வது போன்ற கைவினைகளுக்குத் தனித்தனி விலை உண்டு. மூன்று வாரமாக மருத்துவமனையில் கிடக்கும் ஒருவருடைய முழுக் கோப்பையும் படித்து, எல்லாக் கிருமி வளர்ப்புச் சோதனை முடிவுகளையும் தேதிவாரியாக அடுக்கி, யாரும் கேட்காத ஒரு கேள்வியை அவரிடம் கேட்டு நோயைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு தடவை பார்த்ததற்கான கட்டணம்தான். அதைவிடச் சிக்கலானது நாம் தடுக்கும் தீங்கு. அணை உடையாமல் பார்த்துக்கொண்டவருக்கு யாரும் மாலை போடுவதில்லை. வராத இரத்தத் தொற்றுக்கும் யாரும் ரசீது எழுதுவதில்லை.

இதன் விளைவு ஒன்று உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. அமெரிக்காவில் அண்மை ஆண்டுகளில் தொற்றுநோய்ச் சிறப்புப் பயிற்சிக்கான இடங்களில் கணிசமானவை ஆண்டுதோறும் நிரம்பாமல் போகின்றன. ஆள் குறைவு, தேவை அதிகம். ஆகவே உங்களுக்குப் பேரம் பேசும் வலிமை இருக்கிறது. அதை நம் துறையினர் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை. சம்பளத் தொகையை மட்டும் பேசாதீர்கள். ஸ்டூவர்ட்ஷிப் குழுவை நடத்துவது, தொற்றுக் கட்டுப்பாட்டுக் கூட்டங்களில் அமர்வது, கண்டுபிடிக்க முடியாத காய்ச்சலைப் பற்றிப் பிற துறையினர் வழியில் நிறுத்திக் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வது ஆகிய மணிநேரங்கள் யாருடைய கணக்கில் வருகின்றன என்பதைப் பேசுங்கள். அமெரிக்காவில் மருத்துவமனைகளை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் கூட்டு ஆணையம் 2017 ஜனவரி முதல் ஸ்டூவர்ட்ஷிப்பைக் கட்டாயத் தரநிலையாக்கியது. அரசு மருத்துவக் காப்பீட்டில் பங்கேற்கும் மருத்துவமனைகளுக்கு அதை நிபந்தனையாக்கும் விதி 2019இல் வந்தது. சட்டப்படி ஒருவர் செய்தே தீரவேண்டிய வேலையை, “உங்களுக்கு ஆர்வம் இருக்கிறதே” என்ற காரணத்துக்காக உங்களிடம் இலவசமாகக் கேட்பவர்களிடம் அந்த விதியை எடுத்துச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இனி மூன்று வாய்ப்புகளுக்கு வருகிறேன். பதவியின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், திங்கள் முதல் ஞாயிறு வரை அந்த வேலையில் உங்கள் நேரம் எப்படிப் பங்கிடப்படும் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்பதே என் ஆலோசனையின் சாரம். உதவிப் பேராசிரியர் என்ற பெயரில் வாரத்தில் ஆறு நாளும் வார்டு சுற்றுபவரும் உண்டு. தனியார் குழுவில் இருந்தபடியே பாதி நேரத்தைத் தொற்றுக் கட்டுப்பாட்டுக்குச் செலவிடுபவரும் உண்டு.

தனியார் குழுவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல்கலைக்கழக மருத்துவமனையில் பயிற்சி பெறுபவர்கள் அதை அறியாமலேயே ஒன்று இகழ்கிறார்கள் அல்லது அஞ்சுகிறார்கள். அங்கே பார்க்கும் நோய்கள் எளியவை என்று எண்ணாதீர்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவால் வரும் இரத்தத் தொற்று, செயற்கை மூட்டுத் தொற்று, நீரிழிவுப் பாதப் புண், முதுகெலும்புச் சீழ், இதய வால்வுத் தொற்று ஆகியவைதாம் அன்றாட உணவு. ஸ்டஃபைலோகாக்கஸ் இரத்தத் தொற்று உள்ளவர்களைத் தொற்றுநோய் மருத்துவர் நேரில் பார்க்கும்போது இறப்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் தொடர்ந்து காட்டியுள்ளன. பல்கலைக்கழக மருத்துவமனையில் அந்த நோயாளிக்கு மூன்று அடுக்கு மருத்துவர்கள் இருப்பார்கள். சிறிய மருத்துவமனையில் நீங்கள் ஒருவர்தான். உங்களால் விளையும் வேறுபாடு அங்கே கூடுதலாக இருக்கும் என்றே நான் கருதுகிறேன். சுமையும் அப்படியே. நான்கு மருத்துவமனைகள் என்றால் பயண நேரம், நான்கு வகைக் கணினிப் பதிவு முறைகள், நான்கு நுண்ணுயிரியல் ஆய்வகங்களின் வெவ்வேறு தரம், இரவிலும் வார இறுதியிலும் வரும் அழைப்புகள் எல்லாம் சேரும். எத்தனை வார இறுதிக்கு ஒருமுறை உங்கள் முறை வரும், ஒரு வார இறுதியில் சராசரியாக எத்தனை புதிய நோயாளிகள் வருகிறார்கள் என்று கேளுங்கள். அங்குள்ள இளைய மருத்துவரிடம் தனியாகக் கேட்டால் இன்னும் சரியான எண் கிடைக்கும்.

ஆனால் அந்தக் குழுவிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி வேறு: குழுவின் வருமானத்தில் எவ்வளவு பங்கு, நரம்பு வழியாக மருந்து செலுத்தும் மருந்தேற்று மையத்திலிருந்து வருகிறது? மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகும் ஆறு வாரம் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் பெறும் நோயாளிகளைக் கவனிக்கும் முறை 1970களிலேயே தொடங்கியது. பல குழுக்களுக்கு இன்று அதுவே முதுகெலும்பு. இப்போது அந்த முறையின் அடித்தளம் மாறிக்கொண்டிருக்கிறது. எலும்பு, மூட்டுத் தொற்றுகளில் முதல் ஆறு வாரம் வாய்வழி மருந்து நரம்புவழி மருந்துக்குக் குறைந்ததன்று என்பதை 1,054 பேரிடம் பிரிட்டனில் நடந்த ஓவிவா ஆய்வு 2019இல் காட்டியது. இதய வால்வுத் தொற்றில் நிலைபெற்ற நோயாளிகள் 400 பேரிடம் டென்மார்க்கில் நடந்த போயட் ஆய்வும், சிகிச்சையின் பிற்பகுதியை மாத்திரைக்கு மாற்றலாம் என்று அதே ஆண்டு வந்த அதன் கட்டுரையில் தெரிவித்தது. நோயாளிக்கு இது நற்செய்தி. மருந்து செலுத்தப் பெரிய சிரையில் வைக்கும் குழாயால் வரும் இரத்த உறைவும் புதிய தொற்றும் தவிர்க்கப்படுகின்றன. ஆனால் மருந்தேற்றுவதால் வாழும் ஒரு குழுவில், “இவருக்கு மாத்திரையே போதும்” என்று நீங்கள் எழுதும் ஒவ்வொரு முறையும் குழுவின் வருமானம் குறைகிறது. வருமானம் குறைந்தாலும் சரியானதையே செய்யும் நேர்மையான குழுக்களும் உண்டு. இந்தக் கேள்வியைக் கேட்டதும் முகம் மாறும் குழுக்களும் உண்டு. எந்த வகை என்பதைக் கையெழுத்திடுவதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்த வருமானம் சுருங்கினால் குழுவின் கூட்டாளியாக உங்களுக்குச் சொல்லப்படும் எதிர்காலப் பங்கும் சுருங்கும். கூட்டாளி ஆவதற்கு எத்தனை ஆண்டுகள், எந்தக் கணக்கில், விலகினால் அருகில் பணிபுரியத் தடை உண்டா என்ற மூன்றையும் ஒரு வழக்கறிஞரைக் கொண்டு படித்துப் பாருங்கள்.

பல்கலைக்கழகப் பதவிக்கு வருவோம். ஆய்வகத்தில் விருப்பமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஆராய்ச்சியிலேயே விருப்பமில்லை என்பதாக நீங்களே முடிவு செய்துவிட்டதாகத் தோன்றுகிறது. அது சரியன்று. நம் துறையில் மருத்துவ நடைமுறையை மாற்றிய ஆய்வுகளில் பல, நோயாளியின் படுக்கையருகே எழுந்த கேள்விகளிலிருந்து பிறந்தவை. அமெரிக்காவில் 1970களில் நடந்து 1985இல் முடிவு வெளியான செனிக் ஆய்வு, முறையான தொற்றுக் கண்காணிப்பும் பயிற்சி பெற்ற தொற்றுக் கட்டுப்பாட்டுப் பணியாளர்களும் இருந்த மருத்துவமனைகளில் மருத்துவமனைவழித் தொற்றுகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவதைக் காட்டியது. உலகெங்கும் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவுகளுக்குக் கிடைத்த பெரிய ஆதாரம் அது. கோவிட் காலத்தில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வை வழிநடத்திய இருவரில் பீட்டர் ஹார்பி தொற்றுநோய் மருத்துவர். மற்றவர் மார்ட்டின் லேண்ட்ரே. ஏற்கெனவே மலிவாகக் கிடைத்த டெக்ஸாமெத்தசோன், செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று 2020 ஜூனில் அந்த ஆய்வு அறிவித்தது. அதற்குத் தேவைப்பட்டவை நல்ல கேள்வி, எளிய படிவம், சீரற்ற முறையில் நோயாளிகளைப் பிரிக்கும் ஒழுங்கு, ஏராளமான மருத்துவமனைகளின் ஒத்துழைப்பு ஆகியவையே.

உங்களுக்குத் தரப்படும் பதவி எந்த வகை என்று இப்போதே கேளுங்கள். ஒரே பதவிப் பெயருக்குள் மூன்று வேலைகள் ஒளிந்திருக்கின்றன. பெரும்பாலும் நோயாளிகளைப் பார்த்து மாணவர்களுக்குக் கற்பிப்பது ஒன்று. நோயாளிகளைக் கொண்டு நடத்தும் ஆய்வுகளுக்கு நேரம் ஒதுக்கப்படுவது இன்னொன்று. ஆய்வகத்தை நடத்துவது மூன்றாவது. அது உங்களுக்கு வேண்டாம். இரண்டாவதை நீங்கள் விரும்பினால், ஒதுக்கப்படும் நேரம் எவ்வளவு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் மருத்துவ ஆய்வாளர்களை வளர்க்கும் கே23 நிதியுதவியைப் பெறுபவர் தம் பணிநேரத்தில் 75 விழுக்காட்டை ஆய்வுக்கும் அதற்கான பயிற்சிக்கும் ஒதுக்கியாக வேண்டும். “ஆய்வு செய்யுங்கள், நேரம் தானாகக் கிடைக்கும்” என்று சொல்லும் துறைத் தலைவருக்கும் “முதல் மூன்று ஆண்டுகள் உங்கள் நேரத்தில் பாதியை நாங்கள் விலை கொடுத்து வாங்குகிறோம்” என்று எழுதித் தருபவருக்கும் உள்ள தூரம் அதிகம். அத்துடன் உங்களுக்கு வழிகாட்டி யார் என்பதையும் கவனியுங்கள். பெரிய பெயருடைய, ஆண்டில் பாதி நாள் விமானத்தில் இருக்கும் ஒருவரைவிட, இதற்கு முன் மூன்று பேரையாவது தனியாக நிற்கும் ஆய்வாளர்களாக ஆக்கியிருக்கும் ஒருவர் மேல்.

ஸ்டூவர்ட்ஷிப் பிடித்திருக்கிறது என்கிறீர்கள், நல்லது. ஆனால் பயிற்சியில் அதைச் செய்வதும் பொறுப்பேற்றுச் செய்வதும் வேறு. பயிற்சியில், குறிப்பிட்ட மருந்துகளுக்கு அனுமதி கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகளுக்கு விடையளித்திருப்பீர்கள். பொறுப்பாளரின் வேலையோ பெரும்பாலும் மனிதர்களோடுதான். அறுவைச் சிகிச்சைக்கு முன் ஒரே ஒரு தவணை கொடுத்தால் போதும், ஐந்து நாள் வேண்டாம் என்பதை இருபது ஆண்டு அனுபவமுள்ள அறுவை மருத்துவரிடம் அவர் மனம் கோணாமல் சொல்லி, அடுத்த வாரம் அவரே அதைத் தம் மாணவர்களிடம் சொல்லும்படி செய்ய வேண்டும். மருந்தாளுநர் ஒருவர் முழுநேரமாக உங்களுடன் இல்லாவிட்டால் இது நடக்காது. எந்த வார்டில் எந்த மருந்து எத்தனை நாள் கொடுக்கப்படுகிறது என்ற தரவைக் கணினியிலிருந்து எடுத்துத் தர ஒருவர் இல்லாவிட்டாலும் நடக்காது. ஆகவே “பொறுப்பாளர்” என்ற பட்டத்தோடு எத்தனை பேர், எவ்வளவு நேரம், எவ்வளவு அதிகாரம் வருகின்றன என்று கேளுங்கள். ஆளும் தரவும் இல்லாத ஸ்டூவர்ட்ஷிப் பொறுப்பு, திட்டு வாங்குவதற்கென ஒருவரை நியமிப்பதே ஆகும். இது சற்றுக் கடுமையான சொல்தான், ஆனாலும் எழுதுகிறேன்.

இந்தப் பணிக்கு எதிர்காலம் உண்டா என்று நீங்கள் ஐயுற வேண்டாம். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாக 2019இல் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாகவும், அவை தொடர்புடைய இறப்புகள் 49.5 லட்சம் என்றும் ஒரு பெரிய உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2017 முதல் ஆன்டிபயாடிக்குகளை முதலில் பயன்படுத்தத்தக்கவை, கவனத்துடன் பயன்படுத்த வேண்டியவை, கடைசிக் கையிருப்பு என மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. 2024 செப்டம்பரில் ஐ.நா. பொதுச் சபையில் நாடுகள் ஏற்ற அறிக்கை, மனிதர்களுக்குப் பயன்படும் ஆன்டிபயாடிக்குகளில் குறைந்தது 70 விழுக்காடு முதல் வகையைச் சேர்ந்ததாக 2030க்குள் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்துள்ளது. இந்த இலக்கை ஒவ்வொரு மருத்துவமனையிலும் கணக்கிட்டு, காரணம் கண்டு, திருத்துவதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள் உங்களைப் போன்றவர்தாம்.

மருந்து நிறுவனத்து வாய்ப்பைப் பற்றி நம்மவர்களில் பலர் ஒழுக்கப் பிரச்சினை போலப் பேசுவார்கள்; நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு மருத்துவ ஆய்வின் வரைவை எழுதுவது, யாரைச் சேர்க்கலாம், எந்த விளைவை அளக்கலாம் என்று முடிவு செய்வது, பக்கவிளைவுகளைக் கண்காணிப்பது, ஒழுங்குமுறை அமைப்புகளின் கேள்விகளுக்கு விடை சொல்வது ஆகியவை தொற்றுநோய் மருத்துவர் நன்றாகச் செய்யக்கூடிய வேலைகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனாகாபவிர் ஊசி பெற்ற 2,134 பெண்களில் ஒருவருக்கும் எச்ஐவி தொற்றவில்லை என்று 2024இல் வெளியான ஆய்வைப் போன்றவற்றில் பங்கு பெறுவது சிறிய பெருமையன்று. சம்பளமும் பொதுவாக அதிகம், இரவு அழைப்புகள் இல்லை. கவனிக்க வேண்டியது நிறுவனம் எதைத் தயாரிக்கிறது என்பது. எச்ஐவி மருந்துகளிலும் தடுப்பூசிகளிலும் சந்தை ஓரளவு உறுதியானது. புதிய ஆன்டிபயாடிக் உருவாக்கும் சிறு நிறுவனங்களின் நிலை அப்படியன்று. புதிய மருந்தைக் கடைசிக் கையிருப்பாக வைத்துக் குறைவாகப் பயன்படுத்த வேண்டும் என்பதே நம் அறிவுரை. குறைவாக விற்றால் நிறுவனம் பிழைக்காது. அக்காவோஜென் என்ற நிறுவனத்தின் பிளாஸோமைசின் மருந்துக்கு 2018 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2019 ஏப்ரலில் அந்நிறுவனம் திவால் மனு கொடுத்தது. நல்ல மருந்து கண்டுபிடிப்பதும் வேலை நிலைப்பதும் ஒன்றல்ல. உங்கள் கடிதத்தில் நோயாளிகளையும் வார்டையும் பற்றி எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், இந்த வழி உங்களுக்கு இப்போதைக்குப் பொருந்தாது என்பது என் கணிப்பு. நான்கைந்து ஆண்டுகள் சொந்தப் பொறுப்பில் நோயாளிகளைப் பார்த்த பிறகு சென்றால் அங்கும் உங்கள் சொல்லுக்கு மதிப்பு கூடும். அப்போதும் அவர்கள் அழைப்பார்கள்.

நீங்கள் கேட்காத ஒரு வழியான பொதுச் சுகாதாரப் பணியைப் பற்றியும் சொல்லிவைக்கிறேன். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் அலெக்ஸாண்டர் லாங்முயர் 1951இல் தொடங்கிய கொள்ளைநோய்ப் புலனாய்வுப் பணி இரண்டாண்டுப் பயிற்சி. ஐரோப்பாவில் அதைப் போன்ற திட்டம் 1995 முதல் நடக்கிறது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, உலகச் சுகாதார நிறுவனம், அந்தந்த நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறைகள் ஆகியவை இத்தகைய பயிற்சியுள்ளவர்களைத் தேடுகின்றன. சார்ஸ் புதிய நோய் என்பதை ஹனோயில் முதலில் உணர்ந்து உலகை எச்சரித்த கார்லோ உர்பானி தொற்றுநோய் மருத்துவர்தான்; அந்நோயாலேயே 2003 மார்ச் 29 அன்று இறந்தார். இந்த வழியின் பொருளும் ஆபத்தும் இரண்டுமே அவர் வாழ்வில் இருக்கின்றன. கடன் உள்ளவருக்கு இது உடனடியாகச் சாத்தியமில்லாமல் போகலாம். ஆனால் லண்டனிலும் லிவர்பூலிலும் நூறாண்டுக்கு மேலாக நடக்கும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளிகளின் குறுகியகாலப் பட்டயப் படிப்புகளைப் பணியில் இருந்துகொண்டே விடுப்பெடுத்து முடிப்பவர்கள் உண்டு.

உறுப்பு மாற்றுத் தொற்றில் ஓராண்டு என்ற கேள்விக்கு விடை எளிது. நீங்கள் சேரப்போகும் இடத்தில் நுரையீரல், கல்லீரல் மாற்றோ எலும்பு மஜ்ஜை மாற்றோ பெருமளவில் நடக்குமானால் அந்த ஓராண்டு வீணாகாது; சைட்டோமெகலோ வைரஸ், பூஞ்சைத் தொற்றுகள், தடுப்பு மருந்துகளின் பின்னல் ஆகியவற்றைப் புத்தகத்தால் கற்க முடியாது. அங்கு அவை நடக்கவில்லையென்றால் வேண்டாம். முடிவெடுப்பதைத் தள்ளிப்போடுவதற்காக மட்டும் ஒருபோதும் இன்னோர் ஆண்டு பயிற்சியில் சேராதீர்கள். கடனுக்கு வட்டி ஏறும், குழப்பமும் அப்படியே இருக்கும்.

ஆகவே உங்கள் இடத்தில் இருந்தால் நான் இந்த வரிசையில் செய்வேன். முதலில் பல்கலைக்கழகத்திடம் ஸ்டூவர்ட்ஷிப் பணிக்கு வார நேரத்தில் எத்தனை விழுக்காடு, எந்த நிதியிலிருந்து, மருந்தாளுநர் யார், தரவு யார் தருவார் என்பதை எழுத்தில் கேட்பேன். தெளிவான விடை வந்தால், சம்பளம் குறைவானாலும், கடன் தவணை கட்டிக் குடும்பம் நடத்தப் போதுமானதாக இருக்கும் வரை அதை ஏற்பேன். பொதுச் சேவையிலோ லாப நோக்கற்ற மருத்துவமனைகளிலோ பணிபுரிபவர்களுக்குக் கல்விக் கடன் தள்ளுபடித் திட்டங்கள் சில நாடுகளில் உள்ளன, அதையும் கணக்கில் சேர்த்துப் பார்ப்பேன். இரண்டு முறை கேட்டும் மழுப்பலான விடையே வந்தால், தனியார் குழுவிடம் சென்று, அவர்களுடைய நான்கு மருத்துவமனைகளில் ஒன்றிலாவது ஸ்டூவர்ட்ஷிப்பும் தொற்றுக் கட்டுப்பாடும் ஊதியத்துடன் என் பொறுப்பில் வருமா என்று கேட்பேன். ஊதியமில்லாத பல்கலைக்கழகப் பொறுப்பைவிட, ஊதியமும் அதிகாரமும் உள்ள சிறிய மருத்துவமனைப் பொறுப்பு உங்களுக்கு நன்றாகக் கற்றுத்தரும். நான்கு ஆண்டுகள் கழித்து உங்கள் கையில் உங்கள் சொந்தத் தரவு இருக்கும், அதை வைத்துக்கொண்டு நீங்கள் எந்தப் பல்கலைக்கழகத்தோடும் பேசலாம்.

எந்தப் பக்கம் சென்றாலும் பொது மருத்துவச் சான்றிதழைக் காலாவதியாக விடாதீர்கள். இரு இடங்களிலும் கையெழுத்திடுவதற்கு முன், அந்தப் பணியில் உங்களுக்கு முன்பு இருந்து விலகியவர் யார் என்று கேட்டு, அவரோடு ஒரு மணி நேரம் பேசுங்கள். நேர்காணலில் உங்களோடு அமர்ந்தவர்கள் சொல்லாதவற்றை அவர் சொல்வார். அவருடைய பெயரைத் தரத் தயங்கினால் அதையும் ஒரு விடையாக எடுத்துக்கொள்ளுங்கள்.